அரக்கு அரக்காகவே தெரிய வேண்டும்

அரக்கு நிறப் பட்டுப்புடவை ஒன்றை மேசையில் விரித்து, திரை முழுக்கப் புடவையே நிறையும்படி கைப்பேசியில் ஒரு படம் எடுங்கள். பிறகு அதே விளக்கின் கீழ், அதே இடத்தில், மேசையின் வெள்ளை விரிப்பு பாதி தெரியும்படி புடவையை மடித்து இன்னொரு படம் எடுங்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரே புடவை என்று சொல்ல மாட்டீர்கள். முதல் படத்தில் அரக்கு வெளிறிச் செங்கல் பக்கம் நகர்ந்திருக்கும். இரண்டாவதில் இருண்டு காப்பிக்கொட்டை நிறத்தைத் தொட்டிருக்கும். கைப்பேசியில் கோளாறு எதுவும் இல்லை. எதிரே இருப்பது சராசரி வெளிச்சமுள்ள, எல்லா நிறமும் கலந்த காட்சி என்ற அனுமானத்தில்தான் அதன் கேமரா வேலை செய்கிறது. திரை முழுக்க இருண்ட சிவப்பு வந்தால், வெளிச்சம் போதவில்லை என்று நினைத்துக் கூட்டுகிறது. விளக்கே சிவப்பாக எரிகிறது போலும் என்று எண்ணிச் சிவப்பைக் குறைக்கிறது. வெள்ளை விரிப்பு பாதி வந்துவிட்டால், வெளிச்சம் அதிகம் என்று மொத்தத்தையும் தணிக்கிறது. விரல் அழுத்தும் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு முடிவு எடுக்கிறது. வீட்டு விசேஷத்தில் எடுக்கும் படத்துக்கு இந்தச் சாமர்த்தியம் பெரிய உதவி. பல ஆயிரம் ரூபாய்க்கு விற்க இருக்கும் புடவைக்கு இதுவே வினையாகிறது.

கல்யாணப் பட்டு எடுக்க வருகிறவர்கள் புடவையைக் கடை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்ப்பார்கள். உள்ளே எரியும் விளக்கை முழுதாக நம்பாத அந்தப் பழக்கம் நம்மிடம் தலைமுறைகளாக இருக்கிறது. கடைக்காரரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. சில இடங்களில் அவரே புடவையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருவார். இணையத்தில் வாங்குகிறவருக்கு அந்த வாசல் கிடையாது. காஞ்சிபுரத்திலோ ஆரணியிலோ திருபுவனத்திலோ இருந்து வரும் ஐந்தாறு படங்களை வைத்துக்கொண்டு, நெய்வேலியிலோ நாக்பூரிலோ இருக்கும் ஒரு பெண் முடிவெடுக்க வேண்டும். அந்தப் படங்களில் நிறம் வேளைக்கு ஒன்றாக, கைக்கு ஒன்றாக மாறிக்கொண்டிருந்தால், அவர் புடவையைப் பார்க்கவே இல்லை. யாரோ ஒருவர் அன்றைக்கு எடுத்த முடிவைத்தான் பார்த்தார். படத்தைச் செப்பனிடும் முறையை ஒருமுறை நிதானமாக வகுத்து, டெம்ப்ளேட்டாகச் சேமித்து, எல்லாப் படங்களுக்கும் அதையே பயன்படுத்துவதுதான் அந்த வாசலைத் திரும்பக் கட்டித்தரும் வழி. நேரம் மிச்சமாகிறது என்பதற்காக மட்டும் இதைச் சொல்பவர்கள் இதன் பாதிப் பயனைத்தான் சொல்கிறார்கள்.

டெம்ப்ளேட் என்றதும் தீபாவளித் தள்ளுபடி விளம்பரத்துக்குப் பூ, விளக்கு, எழுத்தெல்லாம் வைத்துத் தயாராகக் கிடைக்கும் அட்டைதான் பலருக்கு நினைவு வரும். இங்கே பேசுவது வேறு. ஒரு படம் உள்ளே போனால் அதற்கு என்னென்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில், எந்த அளவில் என்று எழுதிவைத்த செய்முறை இது. ஒயிட் பேலன்ஸ் இத்தனை, வெளிச்சம் இத்தனை, ஓரம் வெட்ட வேண்டியது இவ்வளவு, நீள அகலம் இவ்வளவு, கடைசியில் சேமிக்க வேண்டிய தரம் இது என்று ஒவ்வொன்றும் எண்ணாக அதில் இருக்கும். நெசவு ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டிய அவசியமே இல்லை. தறிக்கு மேலே உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டியில் தொங்கும் துளையிட்ட அட்டைகள் இதே வேலையைத்தான் செய்கின்றன. எந்த இழை எழ வேண்டும், எது படிய வேண்டும் என்பது அட்டையில் ஒருமுறை பதிந்துவிட்டால், முந்தியில் அன்னம் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அதே கழுத்து வளைவோடு வந்து உட்காரும். பாவின் நிறம் மாறலாம், ஊடை மாறலாம், ஜரிகை மாறலாம், அட்டை மாறுவதில்லை. ஜோசப் மேரி ஜக்கார்டு அந்தக் கருவியை 1804-ல் பிரான்சில் உருவாக்கினார். அதை இத்தனை காலமாகக் கையாண்டுவரும் ஊர்கள், நெய்த புடவையைப் படமெடுக்கும்போது மட்டும் ஒவ்வொரு படத்தையும் கைக்கு வந்தபடி திருத்திக்கொண்டிருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

'ஒவ்வொரு புடவையும் ஒரு மாதிரி. எல்லாவற்றுக்கும் ஒரே டெம்ப்ளேட் எப்படிப் பொருந்தும்?' என்ற கேள்விக்கும் அந்த அட்டையிலேயே பதில் இருக்கிறது. எல்லாப் புடவையையும் ஒரே மாதிரி காட்டுவது டெம்ப்ளேட்டின் வேலை இல்லை. பார்க்கும் கண்ணை ஒரே மாதிரி வைத்துக்கொள்வதுதான் அதன் வேலை. கண் நிலையாக இருந்தால்தான் இரண்டு புடவைகளுக்கு இடையே இருக்கும் உண்மையான வித்தியாசம் தெரியும். எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரால் 'எம்.எஸ். ப்ளூ' என்றே ஒரு நீலத்தைக் கேட்டு வாங்குகிறோம். மயில் கழுத்து, வாடாமல்லி, கிளிப்பச்சை, கத்திரிப்பூ என்று நிறத்துக்குப் பெயர் வைத்து, அந்தப் பெயரைச் சொன்னால் இரண்டு பேருக்கும் ஒரே நிறம் மனத்தில் வர வேண்டும் என்று எதிர்பார்க்கும் ஊர் இது. எம்.எஸ். ப்ளூவும் ராயல் ப்ளூவும் படத்தில் ஒன்றாகத் தெரிந்தால் குற்றம் புடவையில் இல்லை. ஆனால் கேள்வியில் நியாயமான ஒரு பகுதி உண்டு. ஜரிகை நிறைந்த பட்டுக்கும், பளபளப்பே இல்லாத பருத்திக்கும், வெள்ளை வேட்டிக்கும் ஒரே செய்முறை சரிவராது. மூன்று அல்லது நான்கு டெம்ப்ளேட்டுகள் தேவைப்படும். நாற்பது தேவைப்பட்டால் படமெடுக்கும் இடத்தில்தான் கோளாறு.

அந்த இடத்தைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பலருடைய முயற்சி அங்கேதான் தோற்கிறது. காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் பத்துப் புடவை, மாலையில் டியூப்லைட்டில் பத்துப் புடவை என்று எடுத்துவிட்டு இரண்டுக்கும் ஒரே டெம்ப்ளேட்டைப் போட்டால், இரண்டு வேறு தவறுகள் ஒரே அச்சில் வந்து நிற்கும். டெம்ப்ளேட்டின் பாதி கணினியில் இருக்கிறது. மற்றப் பாதி, விளக்குக்கால்கள் நிற்கும் இடத்தைக் குறித்துத் தரையில் ஒட்டிய டேப்பில் இருக்கிறது. நடுப்பகல் வெளிச்சத்தை ஒத்த 5,500 கெல்வின் அளவில், நிறத்தை உள்ளபடி காட்டும் திறன் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் என்று பெட்டியில் குறிப்பிட்ட இரண்டு எல்இடி விளக்குகள் போதும். புடவைக்கு இடமும் வலமும் 45 டிகிரி சாய்வில் அவற்றை வைத்து, முன்னால் மெல்லிய வெள்ளைத் துணி கட்டி ஒளியைப் பரவவிட வேண்டும். ஜன்னலை மூடிவிட வேண்டும். வெயில் ஏறுவதும் மேகம் வருவதும் படத்துக்குள் வரக் கூடாது. கைப்பேசியை ஸ்டாண்டில் பொருத்தி, 'புரோ' முறையில் ஐஎஸ்ஓவையும் கெல்வின் எண்ணையும் நாமே பூட்டிவிட வேண்டும். காட்சியைத் தானாக மெருகேற்றும் வசதிகளை அணைத்துவிட வேண்டும். ஒவ்வொரு வரிசைப் படத்தின் தொடக்கத்திலும் ஒரு சாம்பல் அட்டையைப் புடவை மேல் வைத்து ஒரு படம் எடுக்க வேண்டும். ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பியனுப்பும் அந்த அட்டை சில நூறு ரூபாய்தான். அன்றைய ஒளியில் சிவப்போ நீலமோ எவ்வளவு கூடியிருக்கிறது என்பதைக் கணினிக்குச் சொல்லும் சாட்சி அது. இன்னும் நுணுக்கம் வேண்டும் என்பவர்களுக்கு 1976 முதல் புழக்கத்தில் இருக்கும் 24 வண்ணக் கட்டங்கள் கொண்ட கலர்செக்கர் அட்டை இருக்கிறது. சிறு கடைக்குச் சாம்பல் அட்டையே தாராளம்.

டெம்ப்ளேட் எழுதும் நாளில் கையில் உண்மையான புடவைகள் இருக்க வேண்டும். அரக்கு, மயில் கழுத்து, வாடாமல்லி, சந்தனம், கறுப்பு என்று ஐந்தைத் தேர்ந்துகொண்டு, படத்தைத் திரையில் திறந்து, அதன் பக்கத்தில் நல்ல வெளிச்சத்தில் புடவையை வைத்து, ஒவ்வொரு எண்ணாக நகர்த்திப் பார்க்க வேண்டும். சாயப்பட்டறையில் மாதிரி நூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புது நூலுக்குச் சாயம் ஏற்றுவதில்லையா, அதே வேலை. அரக்குக்குச் சரிசெய்தால் சந்தனம் பச்சையடிக்கும். சந்தனத்தைத் திருத்தினால் வாடாமல்லி மங்கும். ஐந்தும் ஓரளவு சமாதானம் ஆகும் இடத்தில் நிறுத்தி, அந்த எண்களைச் சேமிக்க வேண்டும். இதற்கு ஒரு முழுநாள் போகலாம், போகட்டும். அவசரமில்லாத நேரத்தில், பொருளை நேருக்கு நேர் வைத்துக்கொண்டு, தெளிந்த கண்ணோடு எடுக்கப்பட்ட முடிவு அது. பண்டிகைக்கு முந்தைய வாரம் இரவு பன்னிரண்டு மணிக்கு, புடவை கட்டுக்குள் போய்விட்ட பிறகு, அசதியோடு ஸ்லைடரை இழுத்து எடுக்கும் முடிவு அதற்கு ஈடாகுமா?

வரிசையும் முக்கியம். நிறத்தைச் சரிசெய்த பிறகே வெளிச்சம், பிறகு வெட்டுதல், பிறகு அளவைச் சுருக்குதல், சுருக்கிய பிறகே கூர்மை கூட்டுதல். கூர்மையை முதலில் கூட்டிவிட்டுச் சுருக்கினால் சிறுகட்டம் போட்ட புடவைகளில் நெளிநெளியாக அலைக்கோடுகள் தோன்றும். வாங்குபவர் அதைத் துணியின் டிசைன் என்றே நினைத்துவிடலாம். இன்னொரு ஆபத்து, புள்ளி நீக்கம் என்ற பெயரில் படத்தை வழவழப்பாக்கும் கருவி. முகத்துக்குப் போடும் அழகு ஃபில்டரைத் துணிக்குப் போடுவது போன்றது அது. மதுரைச் சுங்குடியில் ஒவ்வொரு புள்ளியும் கையால் முடிச்சிட்டு வந்தது. அதன் விளிம்பு சற்றுக் கலைந்திருப்பதுதான் கைவேலைக்கு அடையாளம். வழவழப்பாக்கும் கருவி அந்த விளிம்பைத் தேய்த்து, அச்சடித்த துணி போல ஆக்கிவிடும். கைத்தறிப் பருத்தியில் இழைக்கு இழை தெரியும் சிறு தடிப்பும் அப்படியே காணாமல் போகும். கைத்தறிக்கென்று கூடுதலாகக் காசு கொடுக்க வருகிறவருக்குக் கைத்தறியின் அத்தாட்சியை அழித்துவிட்டுப் படம் காட்டுவது எவ்வளவு பெரிய இழப்பு! பருத்திக்கான டெம்ப்ளேட்டில் அந்த எண் பூஜ்யத்துக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

கண்ணுக்குத் தெரியாமல் நிறத்தைத் தின்பவை இரண்டு உண்டு. முதலாவது, படத்தோடு ஒட்டிவரும் வண்ணக் குறிப்பு. 1996-ல் எச்பி, மைக்ரோசாஃப்ட் நிறுவனங்கள் முன்வைத்த எஸ்ஆர்ஜிபி என்ற அளவுகோலில்தான் இணையப் படங்கள் பெரும்பாலும் இயங்குகின்றன. 2016-ல் வந்த ஐபோன் 7 முதல் பல கைப்பேசிகள் அதைவிட விரிந்த வண்ணப்பரப்பில் படம் எடுக்கின்றன. அந்தப் படத்தை எஸ்ஆர்ஜிபிக்கு முறையாக மாற்றாமல், கோப்பின் எடையைக் குறைக்கிறேன் என்று வண்ணக் குறிப்பை மட்டும் உரித்துவிட்டால், சிவப்பும் பச்சையும் சோர்ந்துபோகும். மாற்றிவிட்டுத்தான் உரிக்க வேண்டும். ஒருவர் இதை ஆயிரம் படத்துக்கும் நினைவில் வைத்திருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது, டெம்ப்ளேட் மறக்காது. இரண்டாவது, ஜேபெக். 1992-ல் தரநிலையாக வந்த இந்த முறை, படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. மனிதக் கண் வெளிச்ச வித்தியாசத்தைக் கூர்மையாகவும் நிற வித்தியாசத்தைச் சற்று மந்தமாகவும் பார்ப்பதால், நிறத் தகவலை அது பெரும்பாலும் நான்கில் ஒரு பங்காகக் குறைத்துவிடுகிறது. முகத்துக்கும் மலைக்கும் இது உறுத்தாது. சிவப்பு உடலில் ஒற்றை இழையாக ஓடும் ஜரிகைக் கோட்டில் உறுத்தும்; கோட்டின் விளிம்பில் சிவப்பு கசிந்து, தங்கம் செம்பாகும். நிறத்தைக் குறைக்காமல் சேமிக்கும் தேர்வு பல மென்பொருள்களில் இருக்கிறது. பட்டுக்கான டெம்ப்ளேட்டில் அதை ஒருமுறை தேர்ந்தெடுத்துவிட்டால் போதும். சேமித்த ஜேபெக்கையே திறந்து திறந்து மறுபடி சேமிப்பதும் ஒவ்வொரு முறையும் படத்தைக் கொஞ்சம் தேய்க்கும். மூலப்படத்தைத் தொடாமல் வைத்து, அதிலிருந்தே புதிதாக வார்ப்பதுதான் முறை.

மூலப்படம் ஒன்று, வெளியே போக வேண்டிய வடிவங்களோ பல. அமேசானில் முதன்மைப் படத்தின் பின்னணி தூய வெள்ளையாக, அதாவது மூன்று வண்ண எண்களும் 255 ஆக இருக்க வேண்டும்; பொருள் படத்தில் 85 சதவீதம் நிறைய வேண்டும்; எழுத்தோ முத்திரையோ கூடாது; பெரிதாக்கிப் பார்க்கும் வசதிக்கு நீண்ட பக்கம் 1,000 புள்ளிகளாவது வேண்டும். இன்ஸ்டாகிராமுக்கு நெடுக்குப் படம். சொந்த இணையதளத்துக்கு இன்னும் பெரிய படம். வாட்ஸ்அப் தன் பங்குக்குப் படத்தைச் சுருக்கும் என்பதால், வாடிக்கையாளருக்கு அனுப்பும்போது 'ஆவணம்' என்ற வழியில் அனுப்பினால்தான் படம் அப்படியே போய்ச்சேரும். ஒரே செய்முறையின் கடைசிப் படியில் மூன்று வாய்க்கால்கள் வெட்டிவிட்டால் மூன்றும் தாமாக நிரம்பும். 2025 தொடக்கத்தில் இன்ஸ்டாகிராம் தன் பக்கங்களில் படக்கட்டத்தைச் சதுரத்திலிருந்து நெடுக்குச் செவ்வகமாக மாற்றியபோது, மூலப்படமும் டெம்ப்ளேட்டும் வைத்திருந்தவர்களுக்கு அது ஓர் எண்ணை மாற்றி ஓட்டவிடும் வேலைதான். சதுரமாக வெட்டிய படத்தை மட்டும் வைத்திருந்தவர்கள் வெட்டிப்போன முந்தியை எங்கே போய்த் தேடுவார்கள்?

நேரக் கணக்கையும் பார்த்துவிடலாம். தீபாவளிக்கு 200 புடவைகள் ஏற்ற நினைக்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். முழுப்புடவை, முந்தி, பார்டர், உடல், ப்ளவுஸ் என்று புடவைக்கு ஐந்து படம் என்றால் 1,000 படங்கள். கையால் ஒன்றுக்கு நான்கு நிமிடம் என்றே வைத்தாலும் 4,000 நிமிடம், ஏறத்தாழ 67 மணி நேரம். டெம்ப்ளேட் வழியே கணினி இதைப் பின்னணியில் முடித்துவிடும். பிறகு ஒருவர் உட்கார்ந்து படத்துக்குப் பத்து விநாடி வீதம் சரிபார்த்தால் மூன்று மணி நேரத்துக்குள் வேலை தீரும். பெரிய மிச்சம்தான். ஆனாலும் நேரத்தைவிட நான் உயர்வாக மதிக்கும் பயன் வேறு. கையால் திருத்திய ஆயிரம் படத்தில் ஆயிரம் விதமான சிறு பிழைகள் இருக்கும். எது எங்கே தவறியது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. டெம்ப்ளேட்டில் பிழை இருந்தால் ஆயிரம் படத்திலும் ஒரே பிழை ஒரே அளவில் இருக்கும். பத்து வாடிக்கையாளர்கள் 'பச்சை சற்று நீலமாக வந்திருக்கிறது' என்று சொன்னால், அந்தப் பிழை இருக்கும் இடத்தைத் தொட்டுவிடலாம். ஓரிடத்தில் திருத்தி எல்லாவற்றையும் மீண்டும் வார்த்துவிடலாம். திருத்திக்கொள்ளக்கூடிய தவறு என்பது தொழிலில் எத்தனை பெரிய வசதி என்பதைக் கணக்கு எழுதுகிறவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். பேரேட்டில் ஒரே இடத்தில் விடுபட்ட தொகையைத் தேடுவதும், பக்கத்துக்குப் பக்கம் சில்லறையாகச் சிந்தியதைத் தேடுவதும் ஒன்றா?

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் மிக வலுவானது, பார்ப்பவரின் திரையைப் பற்றியது. 'நீங்கள் எவ்வளவு கவனமாகச் செய்தாலும், வாங்குகிறவர் கைப்பேசியில் இரவு நேர மஞ்சள் வெளிச்சம் போட்டிருப்பார். இன்னொருவர் திரை எல்லா நிறத்தையும் கூட்டிக்காட்டும். பிறகு எதற்கு இத்தனை பாடு?' உண்மைதான், அந்தத் திரைகள் நம் கையில் இல்லை. ஆனால் ஒருவருடைய திரை அவருக்கு எப்போதும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் பொய் சொல்கிறது. ஒரு கடையில் ஒருமுறை வாங்கியவர், படத்தில் பார்த்ததையும் கைக்கு வந்ததையும் மனத்துக்குள் ஒப்பிட்டு வைத்துக்கொள்கிறார். இந்தக் கடைப் படத்தைவிடப் புடவை ஒரு சாயல் அடர்த்தியாக வரும் என்று கண் கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை அந்தக் கழிவோடுதான் பார்க்கிறார். கடையின் படமே நாளுக்கு ஒரு நிறம் காட்டினால் இந்தக் கற்றல் நடக்க வழியில்லை. மேலும், வாங்குகிறவர் பெரும்பாலும் ஒரு புடவையைத் தனியாகப் பார்ப்பதில்லை. அதே கடையின் இன்னொரு புடவையோடு சேர்த்துப் பார்க்கிறார். இரண்டு மெரூன்களில் எது அடர்த்தி என்ற கேள்விக்கு, திரை எவ்வளவு மோசமாக இருந்தாலும், ஒரே செய்முறையில் வந்த இரண்டு படங்கள் பெரும்பாலும் சரியான விடையைச் சொல்லிவிடும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்த பிறகு டெம்ப்ளேட் எதற்கு என்றும் கேட்கிறார்கள். பின்னணியை வெட்டித்தரும் வேலையை அவை நன்றாகவே செய்கின்றன. குஞ்சத்தின் நூல்நூலாகப் பென் கருவியால் கோடு வரைந்துகொண்டிருந்த வேலையை அவை மிச்சப்படுத்தியது நல்லதுதான். டெம்ப்ளேட்டின் ஒரு படியாக அதைச் சேர்த்துக்கொள்ளலாம். படத்தை முழுக்க அவற்றின் கையில் கொடுப்பது வேறு விஷயம். கைப்பேசிக் கேமரா போலவே இவையும் ஒவ்வொரு படத்துக்கும் புதிதாக முடிவெடுக்கின்றன, அந்த முடிவு எங்கும் எண்ணாகப் பதிவாவதில்லை. அதைவிட மோசமானது, தெரியாத இடத்தை ஊகித்து வரையும் பழக்கம். மடிப்பில் மறைந்த பார்டரை நிரப்பச் சொன்னால் ஒரு பார்டரை அவை வரைந்துதரும், அழகாகவும் இருக்கும், ஆனால் அதை யாரும் நெய்திருக்க மாட்டார்கள். ருத்ராட்சம் இருந்த இடத்தில் பூ வந்திருக்கும். கோபுரத்தின் படிகளில் ஒன்று குறைந்திருக்கும். புடவையைத் தெரிந்தவர்கள் முதலில் எண்ணிப் பார்ப்பது அதைத்தான். நிறமும் வெளிச்சமும் நம் எண்ணில் நிற்கட்டும், நெய்த பகுதிக்குள் எந்தக் கருவியும் ஒரு புள்ளிகூட வரைய வேண்டாம் என்று டெம்ப்ளேட்டிலேயே எல்லை போட்டுவிடுவது நல்லது.

இன்னொரு பக்கம் வியாபாரிகளின் அச்சம். பக்கத்துக் கடைப் படம் நிறத்தைக் கூட்டிப் பளிச்சென்று இருக்கும்போது, உள்ளபடி காட்டிய படத்தை யார் நின்று பார்ப்பார்கள்? இந்த அச்சத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. விரல் மேலே தள்ளிக்கொண்டே போகும் உலகத்தில் நின்று கவனிக்கவைப்பதும் பிழைப்புதான். ஆனால் பளிச்சென்று காட்ட நேர்மையான வழி உண்டு. பக்கவாட்டிலிருந்து தாழ்வாக ஓர் ஒளியைவிட்டால் ஜரிகை தானாகவே எரியும், பட்டின் மடிப்பில் நிழல் விழுந்து உடல் எழும்பும். புடவையில் இருப்பதைத்தான் அந்த ஒளி வெளியே கொண்டுவருகிறது. நிற அடர்த்தி ஸ்லைடரைத் தள்ளும்போது வருவது புடவையில் இல்லாதது. இல்லாததைக் காட்டி விற்ற புடவை மடிப்புக் கலைந்து திரும்பிவருகிறது, இருவழிக் கூரியர் செலவோடு, பண்டிகை முடிந்த பிறகு. சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் 2020-ன்படி, விளம்பரப்படுத்திய தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ளவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பனையாளர் மறுக்க முடியாது. விளம்பரம் பொருளின் உண்மையான தன்மைக்கு ஒத்திருக்க வேண்டும் என்பதும் அவர் பொறுப்பு. டெம்ப்ளேட்டுக்குள்ளேயே அடர்த்தியைக் கூட்டி எழுதிவைத்தால் ஆயிரம் படமும் சேர்ந்து பொய் சொல்லும்தானே என்று கேட்டால், ஆம், சொல்லும். ஆனால் அந்தப் பொய்க்கு ஓர் எண் இருக்கும். கடை முதலாளி எந்த நாளும் கோப்பைத் திறந்து அதைப் பார்க்கலாம், அழிக்கலாம். கைக்குக் கை நடக்கும் பொய்க்கு அந்த வாய்ப்பும் இல்லை.

டெம்ப்ளேட்டால் ஆகாத இடங்களும் உண்டு, அவற்றை முன்னமே ஒப்புக்கொள்வது நல்லது. வெள்ளை வேட்டியைத் தூய வெள்ளைப் பின்னணியில் வைத்தால் கரை மட்டும் ஆகாயத்தில் மிதக்கும்; வேட்டியின் ஓரத்தில் மெல்லிய நிழல் தங்கும்படி வெளிச்சத்தைக் குறைத்த தனி டெம்ப்ளேட் அதற்கு வேண்டும். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்று நெய்த டபுள் ஷேட் புடவை இன்னும் கடினம். மயில் கழுத்தை நேராகப் பார்த்தால் நீலம், சாய்த்தால் பச்சை. எந்த ஒரு படமும் அதற்கு நியாயம் செய்யாது. அந்த வகைக்கு ஐந்தோடு ஆறாவதாக, புடவையைச் சாய்த்துப் பிடித்த ஒரு படமும் சின்ன வீடியோவும் கட்டாயம் என்று பட்டியலில் எழுதிவிட வேண்டும். ஆழ்ந்த சில பச்சைகளும் வாடாமல்லிகளும் எஸ்ஆர்ஜிபி எல்லைக்கு வெளியே நிற்பவை. திரையில் அவை கொஞ்சம் தணிந்துதான் தெரியும். அதைப் படத்துக்குக் கீழே ஒரு வரியில் சொல்லிவிடுவது, ஸ்லைடரோடு மல்லுக்கட்டுவதைவிட மேல்.

இதில் எதுவும் புது நுட்பம் இல்லை. செய்ததைப் பதிந்து திரும்பச் செய்யும் 'ஆக்‌ஷன்' வசதி ஃபோட்டோஷாப்பில் 1996-லேயே வந்துவிட்டது. ஒரு கோப்புறை முழுக்க இருக்கும் படங்களை ஒரே கட்டளையில் மாற்றும் இமேஜ்மேஜிக் 1990 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. டார்க்டேபிள், ஜிம்ப் போன்றவையும் காசில்லாமல் கிடைப்பவை. இவ்வளவு நாள் இது சின்னக் கடைக்கு வந்துசேராததற்கு விலை காரணமில்லை. பெரிய ஸ்டூடியோக்களின் வேகத்துக்கான கருவி என்றே இது ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுக்கப்பட்டது. நிறம் மாறாமல் காட்டும் கருவி என்று தறிக்காரரின் மொழியில் யாரும் எடுத்துச்சொல்லவில்லை. ஒவ்வொரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திலும் ஒரு மேசை, இரண்டு விளக்கு, ஒரு சாம்பல் அட்டை, தரையில் டேப் என்று ஒரு மூலையை ஒதுக்க முடியும். பட்டுக்கு ஒன்று, பருத்திக்கு ஒன்று, வேட்டிக்கு ஒன்று என்று மூன்று டெம்ப்ளேட் கோப்புகளைச் சங்கமே எழுதிவைத்து, உறுப்பினர்கள் யார் புடவை கொண்டுவந்தாலும் அதே இடத்தில் படமெடுத்துக் கொடுக்கலாம். கோப்பின் எடை சில கிலோபைட்தான், ஊர்விட்டு ஊர் அனுப்பிவிடலாம். ஆரணியில் எழுதியது சின்னாளப்பட்டிக்கு அப்படியே பொருந்தாது. ஓரிரு எண்கள் மாறும், விளக்கின் உயரம் மாறும், மற்றதெல்லாம் அப்படியே நிற்கும்.

எங்கே தொடங்குவது என்று கேட்கும் கடைக்காரரிடம் அதற்கான பொருள் ஏற்கெனவே இருக்கிறது. ரிட்டர்ன் வந்த புடவைகளை எங்கோ ஓர் அலமாரியில் அடுக்கிவைத்திருப்பார். 'படத்தில் பார்த்த நிறம் இல்லை' என்று திரும்பியவற்றை மட்டும் அதிலிருந்து பிரித்து எடுக்க வேண்டும். ஒவ்வொன்றையும் விளக்கின் கீழ் விரித்து, அதை விற்ற படத்தைப் பக்கத்தில் திறந்து, எந்தப் பக்கம் எவ்வளவு விலகியிருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும். சிவப்புகள் எல்லாம் வெளிறியிருக்கின்றனவா, பச்சைகள் எல்லாம் நீலத்துக்குச் சாய்ந்திருக்கின்றனவா, அல்லது கணக்கே இல்லாமல் திசைக்கு ஒன்றாகப் போயிருக்கின்றனவா என்று அந்தப் பக்கம் சொல்லும். டெம்ப்ளேட்டின் முதல் எண்ணை அதைப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.